வேங்கிக்கால்: ஏரிக்குக் கீழே ஒரு கொல்லைப்புறம்

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் சாலையில் வடக்கே கிளம்பினால், பேருந்தில் சீட்டு வாங்கி முடிப்பதற்குள் வேங்கிக்கால் வந்துவிடும். வெளியூர்க்காரர்களுக்கு அது மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கும் இடம், அவ்வளவுதான். 1989-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ல் வட ஆற்காட்டிலிருந்து பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டமானது. தலைமை அலுவலகங்கள் வரவர, ஊழியர்கள் குடிவர, மனைக்கற்கள் நடப்பட்டன. திங்கட்கிழமை காலையில் மனுவைக் கையில் பிடித்துக்கொண்டு வருபவர்களின் கூட்டம், கார்த்திகை தீபத்துக்கு வந்து நிற்கும் வண்டிகள், பௌர்ணமி இரவின் கிரிவல நெரிசல் என்று ஊர் எப்போதும் சாலையைப் பார்த்தபடியே இருக்கிறது. 2024 ஆகஸ்டில் திருவண்ணாமலை மாநகராட்சியானது. கிராமமாக இருந்த இடமெல்லாம் நகரமாக எண்ணப்படும் காலம் இது.

சாலையை விட்டு உள்தெருவில் இறங்கினால்தான் பழைய ஊர் தெரியும். ஏரி இருக்கிறது. பெயரில் இருக்கும் 'கால்' வாய்க்காலா, வேறு எதுவுமா என்பதை ஊர்ப்பெயர் ஆராய்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்; தண்ணீர் போகும் வழிகள் இன்னும் தரையில் இருக்கின்றன. மழை கூடிய வருடங்களில் ஏரி நிரம்பி வழிந்து வேலூர் சாலையிலேயே தண்ணீர் ஓடியிருக்கிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் பாறையும் மண்ணும் சரிந்து ஒரே வீட்டில் 7 உயிர்கள் போனது அப்போதுதான். கார்த்திகையில் தண்ணீரை வெளியேற்ற வழி தேடும் அதே தெருக்களில், சித்திரையில் டிராக்டர் டேங்கர் தண்ணீருக்குக் குடங்கள் வரிசையில் நிற்கும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இங்கே ஒருவர் கொல்லைப்புறத்தில் காய்கறி போட நினைக்கிறார்.

(இந்த மாவட்டத்தில் 'கொல்லை' என்றால் வீட்டின் பின்பக்கம் மட்டுமல்ல. மானாவாரி நிலத்தையும் கொல்லை என்றுதான் சொல்வார்கள். மல்லாட்டை விதைத்த கொல்லை, கேழ்வரகு போட்ட கொல்லை. அதனால் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒன்றரை சென்ட்டையும் ஒரு நிலமாக நினைக்கும் பழக்கம் இங்கே இயல்பாகவே உண்டு.)

ஏரிக்குக் கீழே, ஒரு காலத்தில் நெல் விளைந்த பக்கத்தில், தெற்குப் பார்த்த வீடு ஒன்று. தெற்குப் பார்த்தது என்பதால் மனை கொஞ்சம் மலிவாகக் கிடைத்தது. 40-க்கு 60 அடி. போக்குவரத்துக் கழகத்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவரும் அவர் மனைவியும் கட்டியது. அந்த அம்மா கலசபாக்கம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். வீடு 1,100 சதுர அடி. பின்னால் வடக்கே 40-க்கு 15 அடி காலியிடம். கழிவுநீர்த் தொட்டி போக 500 சதுர அடி தேறும். அதாவது ஒரு சென்ட்டுக்குச் சற்று மேல். வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஐந்து பேர் குடும்பத்துக்குப் பரிந்துரைக்கும் வீட்டுத் தோட்டம் 200 சதுர மீட்டர், அதாவது 5 சென்ட். வேங்கிக்காலில் இன்றைய விலைக்கு அந்த 5 சென்ட்டில் வீடே முடிந்துவிடும். ஆகவே பாட நூலில் உள்ள வரைபடத்தை அப்படியே விரித்துப் பயனில்லை.

முதல் வருடம் எதுவும் வரவில்லை. காரணம் விதை என்று நினைத்தார்கள். விதை அல்ல. தாழ்வான மனையைச் சாலை மட்டத்துக்கு உயர்த்த நான்கு அடிக்கு கிராவல் அடித்திருந்தார்கள். அதற்கு மேல் கட்டட வேலையில் மிஞ்சிய செங்கல் துண்டு, காய்ந்த சிமென்ட் கலவை, சுண்ணாம்பு. பழைய வயல் மண் அடியில் எங்கோ தூங்கிக்கொண்டிருந்தது. வெண்டை முளைத்தது, நான்கு இலை விட்டது, இலை நரம்பு பச்சையாகவும் நடுவில் மஞ்சளாகவும் மாறி நின்றது. சிமென்ட்டும் சுண்ணாம்பும் கலந்த மண்ணில் கார அமிலத் தன்மை ஏறி, இரும்புச் சத்து மண்ணில் இருந்தும் வேருக்குக் கிடைக்காமல் போகும் அறிகுறி இது. எத்தனை உரம் போட்டாலும் இது தீராது.

புது மனையில் தோட்டம் போடும் எவரும் விதைப் பொட்டலத்துக்கு முன்னால் கடப்பாரையை எடுக்க வேண்டும். நடப்போகும் இடத்தில் மட்டும் ஒன்றரை அடி ஆழத்துக்குத் தோண்டி, சல்லடையில் சலித்து, கல்லையும் கலவையையும் வெளியே கொட்ட வேண்டும். 500 சதுர அடி முழுவதையும் தோண்டத் தேவையில்லை. நடைபாதைக்கு அந்தக் கல்லே போதும். சலித்த மண்ணோடு மக்கிய தொழு உரம் பாதிக்குப் பாதி. பிறகு ஒரு அவசரமில்லாத வேலை: சணப்போ தக்கைப்பூண்டோ தெளித்து, 45 நாளில் பூ எடுக்கும் சமயம் வெட்டி அங்கேயே மடக்கிவிடுவது. அந்த வீட்டில் இதை இரண்டு முறை செய்தார்கள். ஐந்து மாதம் காய் எதுவும் இல்லாமல் சணப்பு மட்டும் வளர்ப்பதைப் பார்த்த எதிர்வீட்டுக்காரர், "அக்கா, மாடு வாங்கப் போறீங்களா?" என்று கேட்டாராம்.

ஏரி வண்டலைக் கொண்டுவந்து கொட்டலாமே என்று பலர் கேட்பது உண்டு. நீர்நிலைகளின் வண்டலை விவசாயிகள் இலவசமாக எடுத்துக்கொள்ள, 2024 ஜூலை முதல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி கொடுக்கும்படி நடைமுறை எளிதாக்கப்பட்டது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் வீடுகள் சூழ்ந்துவிட்ட ஏரியில், சாக்கடை வந்து சேரும் மூலையில் அள்ளிய வண்டலைக் கீரைப் பாத்தியில் கொட்டக் கூடாது. கிராமத்து ஏரி வண்டலானால் சரி.

இனி வெயில். வீட்டுத் தோட்டம் பற்றிய அறிவுரைகளில் அதிகம் விட்டுப்போவது இதுதான். திருவண்ணாமலை ஏறக்குறைய வடக்கே 12 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும். இந்த இரண்டுக்கும் இடையில், ஆனி ஆடியில், மதியச் சூரியன் சற்று வடக்கே சாய்ந்திருக்கும். மார்கழியில் நன்றாகத் தெற்கே போய்விடும். கைப்பிடிச் சுவரோடு 14 அடி உயரமுள்ள வீட்டின் நிழல், மார்கழி நண்பகலில் வடக்கே 10 அடிக்கு விழும். அந்த வீட்டுக் கொல்லையின் அகலமே 15 அடி! ஆடியில் தளதளவென்று வந்த இடத்தில், கார்த்திகையில் நட்ட தக்காளி ஏன் நெட்டை நெட்டையாக வளர்ந்து பூவை உதிர்த்தது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. நடத்துநர் ஐயா ஒரு மார்கழி நாளில் நண்பகல் 12 மணிக்குச் சுண்ணாம்புப் பொடியால் நிழலின் விளிம்பில் கோடு போட்டார். அந்தக் கோடுதான் தோட்டத்தின் வரைபடம் ஆயிற்று.

கோட்டுக்கு வடக்கே, மதில் ஓரமாக உள்ள 5 அடிப் பட்டையில் வருடம் முழுவதும் வெயில் உண்டு. அங்கே கத்தரி, தக்காளி, மிளகாய். நடுவில் உள்ள 5 அடியில் ஆடி முதல் ஐப்பசி வரையிலும், பிறகு மாசியிலிருந்தும் வெண்டை, கொத்தவரை, செடி அவரை. நிழல் விழும் நடு மாதங்களில் கீரை மட்டும். வீட்டுச் சுவரை ஒட்டிய 5 அடியில் புதினா, கற்பூரவல்லி, பொன்னாங்கண்ணி, கொடிப்பசலை, மஞ்சள், இஞ்சி, சேனை. இவையெல்லாம் அரை நிழலைப் பொறுத்துக்கொள்ளும். மரமாக வளர்பவை மேற்கு ஓரத்தில். கோடையில் பிற்பகல் வெயிலைத் தாங்கிக் கொடுக்க அங்கேதான் அவை வேண்டும். பீர்க்கும் புடலையும் ஏறும் பந்தல் கிழக்குச் சந்தில், துணி காயப்போடும் கம்பிக்கு மேலே. வடக்குப் பார்த்த வீடானால் கொல்லை தெற்கே அமையும். அப்போது மார்கழிப் பயிர்தான் சிறப்பாக வரும். கிழக்கோ மேற்கோ பார்த்த வீட்டுக்கு இன்னொரு கணக்கு. எந்தத் திசையானாலும் ஒரு மார்கழி மதியத்தைக் காத்திருந்து பார்த்துவிட்டு நிரந்தரமான மரங்களை நடுவது, பத்து வருட வருத்தத்தைத் தவிர்க்கும்.

பாத்தியின் அகலம் 3 அடிக்கு மேல் கூடாது. இரு பக்கமிருந்தும் கை எட்ட வேண்டும், காலை உள்ளே வைக்கக் கூடாது. மழையில் தண்ணீர் நிற்கும் ஊர் என்பதால் அரையடி உயர மேட்டுப்பாத்திதான் சரி. கார்த்திகை மழையில் தரைமட்டப் பாத்தியில் மிளகாய் வேர் அழுகுவதை இந்தத் தெருவில் ஆறேழு வீடுகளில் பார்க்கலாம்.

எத்தனை செடி என்பதில்தான் ஆசை அறிவை மீறும். நாற்றங்காலில் ஒரு குழித்தட்டு வாங்கினால் 98 நாற்று. அத்தனையையும் நட இடம் தேடுவார்கள். மூன்று நான்கு பேர் உள்ள வீட்டுக்கு கத்தரி 6, தக்காளி 8, மிளகாய் 4, வெண்டை 12, பந்தலில் பீர்க்கு 2, புடலை 2. அதற்கு மேல் நட்டால் ஒரு மாதம் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்து, அடுத்த மாதம் கடைக்குப் போக வேண்டியிருக்கும். கீரையை ஒரே நாளில் தெளிக்காமல் 3-க்கு 3 அடித் துண்டாகப் பத்து நாளுக்கு ஒரு முறை தெளித்தால், 25-ஆம் நாளிலிருந்து முளைக்கீரை இடைவிடாமல் கிடைக்கும். கிள்ளிக் கிள்ளி எடுக்க கோயம்புத்தூரின் கோ 3 கீரை நல்லது.

கத்தரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பக்கத்து வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. காம்பிலும் இலையிலும் முள், சதை மட்டும் வெண்ணெய். சந்தையில் கிடைக்கும் எண்ணெய்க் கத்தரியோடு ஒப்பிட்டால் காய் குறைவு என்று சிலர் குறைப்படுவார்கள். ஆறு செடி வைக்கும் வீட்டுக்கு எடை ஒரு பொருட்டா? அந்த அம்மா தன் பிறந்த வீட்டிலிருந்து விதை கொண்டுவந்தார். சாம்பலில் புரட்டி, துணியில் முடிந்து, அடுப்பங்கரை உத்தரத்தில் தொங்கவிட்ட விதை.

அந்தக் கத்தரியில்தான் வீட்டுக்குள் ஒரு சண்டை வந்தது. போன வருடம் ஆவணியில் நுனிக் குருத்துகள் தலை தொங்கின. காயில் ஓட்டை. தண்டு, காய்த் துளைப்பான். நடத்துநர் ஐயா நகரத்தில் ஒரு கடையில் கேட்டு, ஒரு மருந்துப் புட்டி வாங்கிவந்தார். வாசனையே தலைவலி தந்தது. வீட்டில் மகள் ஏழாம் மாதச் சூலோடு வந்திருந்த நேரம். அந்த அம்மா புட்டியில் ஒட்டியிருந்த தாளை மகளைப் படிக்கச் சொன்னார். மோனோகுரோட்டோபாஸ். இந்தியாவில் காய்கறிப் பயிர்களில் தெளிக்கவே கூடாதென்று தடை செய்யப்பட்ட மருந்து அது.

"என்னங்க, இத அடிச்சிட்டு நாளைக்கு இவளுக்கு இந்தக் காயையா ஆக்கிப் போடறது?"

"எல்லாரும் அடிக்கறதுதானே. பத்து நாள் கழிச்சி பறிச்சா போச்சு."

"பத்து நாள் எவன் எண்ணிக்கினு இருப்பான்? நம்ம வீட்டுக் காயாச்சேன்னு மறுநாளே பறிப்போம்."

அந்த அம்மா சொன்னதுதான் சரியான விளக்கம். வயலில் மருந்து அடித்தவர் அறுவடையைத் தள்ளிப்போட முடியும். கொல்லைப்புறத்தில் சாம்பாருக்கு ஒரு காய் குறைந்தால் கை தானாகப் போகும். புட்டி திரும்பக் கடைக்குப் போனது. மாற்று வழி ஒன்றும் பெரிய வித்தையில்லை. தொங்கிய நுனியை ஓர் அங்குலம் கீழே கிள்ளி, உள்ளே புழுவோடு சேர்த்து ஒரு சோப்புத் தண்ணீர் டப்பாவில் போட வேண்டும். ஓட்டை விழுந்த காயைச் செடியிலோ தரையிலோ விடக் கூடாது. ஆறு செடிக்கு வாரம் இருமுறை பத்து நிமிடம். வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, வடிகட்டி, சிறிது காதிசோப்புக் கரைத்து மாலையில் தெளித்தால், தாய்ப்பூச்சி முட்டையிடுவது குறையும். பறித்த கத்தரியில் கால் பங்கு பூச்சிக்குப் போனது. அதை வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சமைத்தார்கள்.

பந்தல் காய்களுக்குப் பழ ஈ. பிஞ்சு கோணலாகி, அழுகி விழும். விழுந்ததைப் பொறுக்கி ஆழமாகப் புதைத்தால் பாதி தீரும். மீதிக்கு இனக்கவர்ச்சிப் பொறி ஒன்று போதும். பந்தலுக்கு அடியில் அழுகிய பிஞ்சுகளை அப்படியே போட்டுவிட்டு மேலே மருந்து தேடுவது, கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பூட்டு வாங்குவது மாதிரி.

மலையிலிருந்து இறங்கும் குரங்குகளுக்கு மருந்தில்லை. கிரிவலப் பாதையை ஒட்டிய வீடுகளில் தக்காளியும் கொய்யாவும் வீட்டுக்காரருக்கு மிஞ்சுவது அரிது. அங்கே சேனை, சேப்பங்கிழங்கு, மஞ்சள், இஞ்சி, கறிவேப்பிலை, பாகல், எலுமிச்சை என்று குரங்கு அதிகம் சீண்டாதவற்றோடு திருப்திப்படுவதே நல்லது. வேங்கிக்காலுக்கு அவ்வப்போது வருகின்றன. வந்த நாளில் பப்பாளி காலி.

தண்ணீர்க் கணக்குக்கு ஓர் எளிய வாய்ப்பாடு உண்டு. ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் ஒரு லிட்டர். சித்திரை வெயிலில் காய்கறிப் பாத்தி நாளொன்றுக்கு 6 மில்லிமீட்டர் வரை கேட்கும். அந்த வீட்டில் நடைபாதை போகப் பாத்தி மட்டும் 30 சதுர மீட்டர். ஆக 180 லிட்டர். குடத்தில் சொன்னால் பன்னிரண்டு குடம். இரண்டாம் வருடம் பங்குனி கடைசியில் ஆழ்துளைக் கிணறு காற்றை இறைக்க ஆரம்பித்தது. டேங்கர் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கிக் கீரைக்கு ஊற்றுவதா என்ற கேள்வியில் தோட்டம் கருகியது. ஊற்றாதது சரியான முடிவுதான்.

அந்தக் கோடைக்குப் பிறகு மூன்று காரியங்கள் நடந்தன. ஒன்று, கூரைத் தண்ணீர். 1,100 சதுர அடி என்பது 102 சதுர மீட்டர். இந்த மாவட்டத்தில் வருடத்துக்கு ஏறக்குறைய 1,000 மில்லிமீட்டர் மழை. அதுவும் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவத்திலும் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. சிந்தியது போக 80,000 லிட்டராவது கூரையிலிருந்து இறங்கும். 2003-ல் தமிழ்நாடு முழுவதும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது வைத்த குழாய்கள் பல வீடுகளில் இன்றும் உண்டு, குழாயின் மறுமுனை தெருச் சாக்கடையில். இங்கே அதை ஆழ்துளைக் கிணற்றின் பக்கத்தில் கல்லும் மணலும் நிரப்பிய குழிக்குத் திருப்பினார்கள்.

இரண்டாவது, குளித்த தண்ணீர். மூன்று பேர் குளிக்கும் தண்ணீர் 120 லிட்டருக்குக் குறையாது. குளியலறைக் குழாயை ஒரு சிறு கல் தொட்டி வழியாக, கல்வாழையும் சேம்பும் நட்ட வாய்க்காலில் விட்டு, அங்கிருந்து வாழைக்கும் பப்பாளிக்கும் கறிவேப்பிலைக்கும். கீரைக்கும் கிழங்குக்கும் அது போகக் கூடாது. துணி துவைக்கும் இயந்திரத்துத் தண்ணீரைத் தோட்டத்துக்கே விடக் கூடாது. சலவைத் தூளின் சோடியம் இரண்டு வருடத்தில் மண்ணை இறுக்கிவிடும். யாழ்ப்பாணத்து வளவுகளில் கிணற்றடித் தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரத்தில் வாழை நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. நம் பாட்டிமார் முற்றத்திலும் இதே ஏற்பாடுதான் இருந்தது; குழாயும் மூடிய சாக்கடையும் வந்தபோது வாழை போனது.

மூன்றாவது, மூடாக்கு. பாத்தி முழுவதும் காய்ந்த இலை, தேங்காய் மட்டை, கரும்புச் சோகை, எது கிடைத்தாலும் மூன்று அங்குலம். 180 லிட்டர் கேட்ட இடம் 120-ல் அடங்கியது. சித்திரை வைகாசியில் பாதிப் பாத்தியைத் தரிசாகப் போட்டு, மூடாக்குக்குக் கீழே மண்ணை ஓய்வெடுக்க விடுகிறார்கள். வருடம் முழுவதும் எல்லாப் பாத்தியும் பச்சையாக இருக்க வேண்டும் என்பது புகைப்படக்காரர்களின் ஆசை.

நிலத்தடி நீரில் உப்பும் உண்டு. பூந்தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் படிவதே சாட்சி. மண்ணோடு தண்ணீரையும் ஒரு புட்டியில் எடுத்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தால் சிறு கட்டணத்தில் முடிவு கிடைக்கும். மின்கடத்தும் திறன் 1-க்குள் இருந்தால் எதையும் போடலாம். 2-ஐத் தாண்டினால் பீன்ஸ், அவரை வகை முதலில் முகம் வாடும். கத்தரி ஓரளவு தாங்கும்.

மேற்கு ஓரத்தில் முருங்கை ஒன்று, பெரியகுளம் பி.கே.எம். 1. அதை வருடா வருடம் 3 அடியில் வெட்டிவிட வேண்டும். வெட்டாத முருங்கை மாடிக்கு மேல் காய்த்து, ஆனிக் காற்றில் அடுத்த வீட்டு ஓட்டில் விழும். பப்பாளி இரண்டு. இதில் ஒரு சங்கதி: ஆண், பெண் தனித்தனியாக உள்ள ரகத்தில் இரண்டே இரண்டு கன்று வைத்து, இரண்டும் ஆணாகிப் போன வீடுகள் உண்டு. கோ 3, கோ 7 போன்ற, ஆண் மரமே வராத இருபால் ரகங்களை வாங்கினால் வைத்த கன்றெல்லாம் காய்க்கும். எலுமிச்சை வடமேற்கு மூலையில். மூன்று வருடமாகியும் பூக்கவில்லை என்று இந்த இதழின் கேள்விப் பகுதிக்கு எழுதுபவர்களில் பாதிப் பேர் விதைக் கன்று வைத்தவர்கள். இன்னும் ஓரிரு வருடம் பொறுக்க வேண்டும். மீதிப் பேர் நிழலில் வைத்தவர்கள், பொறுத்தும் பயனில்லை.

விதைக்கு அலைய வேண்டியதில்லை. 2021-22-ல் தொடங்கிய முதலமைச்சரின் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டத்தில், கிராமப்புற வீடுகளுக்குக் கத்தரி, மிளகாய், வெண்டை, தக்காளி, கீரை என 12 வகை விதைத் தொகுப்பு 15 ரூபாய்க்கும், பப்பாளி, எலுமிச்சை, முருங்கை, கறிவேப்பிலை, திப்பிலி, கற்பூரவல்லி, புதினா, சோற்றுக்கற்றாழை ஆகிய 8 செடிகள் 25 ரூபாய்க்கும் கிடைத்தன. நகரத்து வீடுகளுக்கு ஆறு பைகளோடு மாடித் தோட்டத் தொகுப்பு. நடப்பு ஆண்டில் என்ன இருக்கிறது, கிராமக் கணக்கா நகரக் கணக்கா என்பதை வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். மலையைச் சுற்றி மேற்கே போனால் அத்தியந்தலில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இருக்கிறது. செங்கம் சாலையில் ரமணாசிரமம். விடியற்காலையில் அங்கே சமையற்கட்டில் உட்கார்ந்து காய் நறுக்கியவர் ரமணர். ஒரு காம்பையும் வீணாக்க விடமாட்டார் என்று அவரோடு இருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். இந்த ஊரில் காய்கறிக்கு அப்படி ஒரு மரியாதை இருந்தது.

இப்போது விளைச்சல். ஊட்டச்சத்து நிபுணர்கள் காலங்காலமாகச் சொல்லும் கணக்கு ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 300 கிராம் காய்கறி. நான்கு பேருக்கு வருடம் 438 கிலோ. 30 சதுர மீட்டர் பாத்தியில், சதுர மீட்டருக்கு 5 கிலோ என்று வைத்தாலும் 150 கிலோ. மூன்றில் ஒரு பங்கு. ஒரு சென்ட்டில் சந்தைக்கே போகாமல் வாழலாம் என்று யாராவது சொன்னால், அவர் ஏதோ ஒரு பொருளை விற்கிறார் என்று அர்த்தம்.

கிலோ 40 ரூபாய் என்றால் 150 கிலோவுக்கு 6,000 ரூபாய். வருடத்துக்கு. மகன் ஓசூரில் வேலை பார்க்கிறார். அவர் கணக்கு வேறு: ஆட்சியர் அலுவலகம் பக்கத்தில், அதே கொல்லையில் இரண்டு அறை கட்டி வாடகைக்கு விட்டால் மாதம் 6,000 வரும். கணக்குப் போட்டால் தோட்டம் பன்னிரண்டு மடங்கு தோற்கும். இதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. வேங்கிக்காலில் மட்டுமல்ல, வளரும் ஊர் எல்லாவற்றிலும் கொல்லைப்புறங்கள் இந்தக் கணக்கில்தான் ஒவ்வொன்றாக மூடுகின்றன.

அந்த அம்மா கணக்கை மறுக்கவில்லை. மகளுக்குப் பிரசவத்துக்கு முன் இரத்தம் குறைவு என்று மருத்துவமனையில் மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரையை நிறுத்தவில்லை, கூடவே தினமும் ஒரு கை முருங்கைக்கீரையோ முளைக்கீரையோ. அதைக் கடையில் வாங்கலாமே என்றான் மகன். வாங்கலாம். ஆனால் அந்தக் கீரை எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்று கடைக்காரருக்கும் தெரியாது. இன்னொன்றை நடத்துநர் ஐயா சொன்னார். கொல்லை முழுவதும் காங்கிரீட் ஆனால், இந்தத் தெரு ஏரிக்குக் கீழே இருப்பதால், 2024 மாதிரி ஒரு மழையில் தண்ணீர் இறங்க மிச்சமிருக்கும் ஒரே இடமும் போய்விடும். அந்த மழையில் எதிர்வீட்டு முற்றத்தில் மூன்று நாள் நின்ற தண்ணீர், இவர்கள் கொல்லையில் ஒரே நாளில் வடிந்திருந்தது.

கடைசியில் ஒரு சமரசம். ஓர் அறை மட்டும், அதுவும் மாடியில். வெளிப்படிக்கட்டு கிழக்குச் சந்தில் இறங்கும், பந்தல் போகிறது. பீர்க்கையும் புடலையையும் வடக்கு மதிலில் கம்பி கட்டி ஏற்ற வேண்டும். மாடி அறை எழும்பினால் வீட்டின் உயரம் 24 அடி. மார்கழி நிழல் 17 அடிக்கு நீளும், கொல்லை முழுவதையும் மூடும். ஆகவே அறையை முன்பக்கம், தெற்கு ஓரமாகத் தள்ளிக் கட்டச் சொல்லியிருக்கிறார் அந்த அம்மா. பின்பக்கம் பாதி மாடி வெறும் தளமாக இருக்கும். மேஸ்திரிக்குக் காரணம் புரியவில்லை. படிக்கட்டுக்கு அது வசதியில்லை என்கிறார்.

முள்ளுக் கத்தரி நாற்று இருபத்தைந்து நாள் ஆகிவிட்டது. இன்னும் ஒரு வாரத்தில் நட வேண்டும். மேஸ்திரி வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஜல்லியை எங்கே கொட்டுவது என்று கேட்டிருக்கிறார்.